பாரி மகளிரின் ஐந்து வரி: எந்தப் பதிப்பை வாங்கலாம், எந்தத் தளத்தைத் திறக்கலாம்

புறநானூற்றின் 112ஆம் பாட்டுக்கு மொத்தமே ஐந்து வரிதான். பாடியவர்கள் பாரி மகளிர், அதாவது பறம்பு மலையை ஆண்ட பாரியின் பெண்கள். திணை பொதுவியல், துறை கையறுநிலை (இறந்தவரை எண்ணிப் புலம்புவது). முதல் வரியின் தொடக்கத்தைச் சினிமாப் பாட்டில் கேட்டவர்கள் ஏராளம். அதனாலேயே இது காதல் பாட்டு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. தகப்பனையும் மலையையும் ஒருசேர இழந்த பெண்களின் பாட்டு இது.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

அகராதியில்லாமலே பாதிக்கு மேல் புரிந்துவிடும். ஆபத்தும் அங்கேதான். புரிந்துவிட்டது என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். உரை எழுதுகிறவர்களில் சிலரும் அப்படியே புரட்டிவிடுகிறார்கள். எந்தப் பதிப்பைக் கையில் எடுத்தாலும் இந்தப் பாட்டில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும், பதிப்பின் தரம் தெரிந்துவிடும்.

முதல் இடம் வினைமுற்றுகள். பாட்டில் இருப்பவை நான்கு: உடையேம், கொளார், கொண்டார், இலம். உடையேம், இலம் இரண்டும் குறிப்பு வினைமுற்று, காலம் காட்டாதவை. கொளார் எதிர்மறை வினைமுற்று, முக்காலத்துக்கும் பொதுவானது. கொண்டார் ஒன்றுதான் இறந்தகாலத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது. அதாவது காலம் பதிந்த ஒரே வினைமுற்று பகைவருடையது. தந்தை இருந்ததற்கும் காலம் இல்லை, இல்லாமற் போனதற்கும் காலம் இல்லை. செத்தான் என்றோ கொன்றார்கள் என்றோ ஒரு சொல்கூடக் கிடையாது. ‘அன்று எங்கள் தந்தை உயிரோடு இருந்தார், இன்று அவரை இழந்துவிட்டோம்’ என்று உரைநடையில் எழுதினால் செய்தி சரிதான். ஆனால் பாட்டு முழுக்க இறந்தகாலத்தில் விழுந்துவிடுகிறது. இதைப் பிழை என்று சொல்ல முடியாது. பாட்டின் உயிர்நிலை அங்கே போய்விடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது இடம் வரிசை. முதற்பாதியில் தந்தை முன்னால், குன்று பின்னால். பிற்பாதியில் குன்று முன்னால் வந்து தந்தை கடைசிக்குப் போகிறார். இதைச் சுருக்கி ‘தந்தையும் மலையும் போயின’ என்று ஒரே மூச்சில் எழுதும் பொழிப்புரைகள் நிறைய. கூடவே, முதற்பாதியில் பெயரில்லாத ‘பிறர்’ பிற்பாதியில் ‘வேந்தர்’ ஆகிறார்கள். இதையும் நல்ல உரை விட்டுவிடாது.

மூன்றாவது இடம் நான்காம் வரியின் கடைசியில் தொங்கும் ‘எம்’. பொருளுக்கு அது அடுத்த வரியின் ‘குன்று’டன் சேர வேண்டியது. அப்படியிருந்தும் அது மேலே நிற்பதற்குக் காரணம் யாப்பு. இது நேரிசை ஆசிரியப்பா. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய அடி, முச்சீர் பெறும்: வென்றெறி, முரசின், வேந்தரெம். அடுத்த அடி ‘குன்றும்’ என்று தொடங்கினால்தான் ‘வென்று’க்கு எதுகை கிடைக்கும். ‘எம் குன்றும்’ என்று கீழே இறக்கிவிட்டால் எதுகை அறுந்துபோகிறது. புதுக்கவிதை போல வரிகளை உடைத்து அச்சிடும் எளிய பதிப்புகளும் சமூக ஊடகப் படங்களும் பெரும்பாலும் இங்கேதான் கைவைக்கின்றன. மூலத்தையே உடைத்துப் போட்டிருக்கும் புத்தகம் எவ்வளவு அழகான அட்டையோடு வந்தாலும் வாங்க வேண்டாம்.

இனிப் பதிப்புகள். முதலில் உ.வே.சாமிநாதையரின் பதிப்பு. 1894இல் முதலில் அச்சேறியது. பின்னர் பல பதிப்புகள் கண்டது. சென்னை பெசன்ட் நகரில் உள்ள அவர் பெயர் தாங்கிய நூல்நிலையம் அவருடைய பதிப்புகளை மறு அச்சாக வெளியிட்டு வருகிறது. மூலத்தின் கீழே பெயர் தெரியாத ஒருவரின் பழைய உரை. அதற்கும் கீழே ஐயரின் அடிக்குறிப்பு: வேறு நூல்களில் ஒத்த இடங்கள், பாடவேறுபாடுகள். முன்னே பாடினோர், பாடப்பட்டோர் வரலாறு. பின்னே அரும்பத அகராதி. இந்தப் பாட்டைப் பொறுத்தவரை பழைய உரைதான் சொத்து. சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும், கண்ணீர் வடிக்காது. ஒரே ஒரு இடத்தில் நிற்கும்: ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பது இகழ்ச்சிக் குறிப்பு என்கிறது. ஒருவனை மூவர் சூழ்ந்து, போரில் வெல்ல முடியாமல் வஞ்சித்துக் கொன்றுவிட்டு வெற்றி முரசு அறைகிறார்கள் என்பது அதன் விளக்கம். இந்தக் குறிப்பு கிடைக்காதவர்களுக்கு நான்காம் வரி வெறும் அடைமொழியாகப் போய்விடும். ஐந்து வரிப் பாட்டில் கோபம் ஒளிந்திருக்கும் ஒரே இடம் அது.

குறைகளும் உண்டு. மூலம் சீர் பிரித்து, புணர்ச்சி சேர்த்தே அச்சாகியிருக்கும்: ‘அற்றைத் திங்க ளவ்வெண் ணிலவின்’. பழகாத கண்ணுக்கு ‘ளவ்வெண்’ என்றொரு சொல் இருப்பதுபோலத் தோன்றும். வாய்விட்டு இரண்டு தரம் படித்தால் பிரிந்துவிடும். மனதுக்குள் படித்தால் பிரியாது. அடுத்தது கொளுவின், அதாவது பாட்டின் கீழே திணை, துறை சொல்லும் குறிப்பின், சுருக்கம். 113ஆம் பாட்டின் கீழே ‘திணையும் துறையும் அவை’ என்று மட்டும் இருக்கும். ‘அவை’ என்றால் முந்தைய பாட்டில் சொன்னவையே என்று பொருள். ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடும். நம் பாட்டுக்கு அதனால் இடைஞ்சல் இல்லை; முழு நூலையும் உரையோடு படிக்க நினைக்கிறவர்களுக்கு இந்தப் பதிப்பு மட்டும் போதாது.

அவர்களுக்கும், முதல் தடவையாகப் புறநானூற்றைத் தொடுகிறவர்களுக்கும் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரை. சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. 112ஆம் பாட்டு முதல் தொகுதியில். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னே பின்னணி, பிறகு மூலம், பிறகு உரை, கடைசியில் விளக்கம். இந்த ஒழுங்கு படிப்பவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகும். என் பார்வையில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு: பின்னணியை முதலிலேயே படித்துவிட்டால் பாட்டு வெறும் சான்றாகச் சுருங்கிவிடுகிறது. மூலத்தை முதலில் படித்துவிட்டு, பின்னணிக்குத் திரும்பிப் போவது நல்லது.

புலியூர்க் கேசிகனின் தெளிவுரை மலிவு, எளிது, எங்கும் கிடைக்கும். அவசரத்துக்கு உதவும். தெளிவுரை என்பது தொடர்ச்சியான உரைநடை என்பதால், மேலே சொன்ன வினைமுற்றுச் சிக்கல் எந்தத் தெளிவுரையிலும் தவிர்க்க முடியாதது. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குப் போதும். பாட்டோடு கொஞ்சம் உட்கார நினைக்கிறவர்களுக்குப் போதாது.

இணையத்தில் நம்பித் திறக்கக் கூடியது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகப் பகுதி. சங்க நூல்கள் உரையோடு கிடைக்கின்றன, கட்டணம் கிடையாது. யாருடைய உரை என்பதை உள்ளே போகும்போதே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நேரே பாட்டுக்குத் தாவினால் அது தெரியாமலே போய்விடும். அச்சுப் பக்கத்தையே படமாகப் பார்க்க வேண்டுமானால் அதே நிறுவனத்தின் தமிழிணைய மின்னூலகம். பழைய அச்சுப் பதிப்புகள் வருடப்பட்ட கோப்புகளாக இருக்கின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணை, லை, னை போன்றவை துதிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். அவற்றை இயந்திரம் தப்பாகப் படிக்க வாய்ப்பு அதிகம். ஆகவே கோப்புக்குள் தேடுவதை நம்பாமல் பாட்டெண்ணைப் பார்த்துப் போவதே வழி. சில பழைய அச்சுகளில் எண்ணும் தமிழில் இருக்கும். ௧௧௨ என்றால் 112.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. சங்க மூலங்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். மூலத்தைப் படியெடுக்கவும் சொல் தேடவும் இதைவிட வசதி இல்லை. ஆரம்பகாலக் கோப்புகள் பழைய எழுத்துரு முறையில் இருந்தன; ஒருங்குறிக் (யூனிகோடு) கோப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரை முழுக்க கிறுக்கல்தான். தேடும்போது முழுவரியைப் போடக் கூடாது. ‘வெண்ணிலவின்’, ‘வெண் நிலவின்’, ‘வெண்ணிலவில்’ என்று இடத்துக்கு இடம் மாறும் (அச்சுப் பதிப்புகளில் ‘இன்’தான்). ‘அற்றைத்’ என்ற ஒரு சொல்லைப் போட்டால் வந்துவிடும். இணையப் படிகள் பலவற்றில் பாட்டுக்கு மேலே ‘உடையேம் இலமே!’ என்று ஒரு தலைப்பு இருக்கும். நல்ல தலைப்புதான். ஆனால் பிற்காலத்தார் வைத்தது. பாரி மகளிர் வைத்ததில்லை. வரிக்கு வரி வரும் ஆச்சரியக்குறியும் காற்புள்ளியும் அப்படியே. ‘இலமே’ என்ற ஏகாரத்துக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போடுவது அழுகிறவரைப் பார்த்து ‘அழுகிறார்’ என்று அறிவிப்பதைப் போல.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. இந்தப் பாட்டில் தேட வேண்டியவை இரண்டே. ஒன்று ‘திங்கள்’. நிலவும் அதுதான், மாதமும் அதுதான். இரண்டாவது ‘எறி’. வீசுதல் என்ற பொருளை எடுத்துக்கொண்டு முரசைத் தூக்கி எறிந்தார்கள் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். இங்கே எறிதல் அறைதல். முரசறைதல் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதுதான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பொழிப்பு ஓரளவு சரியாகத் தரும். உரையாசிரியர் என்ன சொன்னார் என்று கேட்டால்தான் வம்பு; எழுதாத வரிகளை எழுதியதாகச் சொல்லும். பாரி மகளிரின் பெயரைக் கேட்டால் அங்கவை, சங்கவை என்று தயங்காமல் சொல்லும். அந்தப் பெயர்கள் புறநானூற்றில் இல்லை. பிற்கால ஔவையார் கதைகளோடு வந்து சேர்ந்தவை.

எந்தப் பதிப்பானாலும் 112ஐத் தனியாகப் படித்துவிட்டு மூடிவிட வேண்டாம். 109இல் உழாமலே விளையும் நான்கு பொருள்களைச் சொல்லி, பாரியின் நண்பரான புலவர் கபிலர், பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தரை மிரட்டுகிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். 110இல் பறம்பு நாட்டின் முந்நூறு ஊரும் பரிசிலர் பெற்றுவிட்டனர், மிச்சம் நானும் பாரியும்தான் என்கிறார். இந்த முற்றுகையை மனதில் வைத்துக்கொண்டால் அற்றைத் திங்கள் அமைதியான காலத்து நிலா இல்லை என்பது தெரியும். அன்றைக்கும் பகைவர் அடிவாரத்தில்தான் இருந்தார்கள். இருந்தும் பிறர் கொளார். பிறகு 113, கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டுப் போகும் பாட்டு. அதன்பின் 116ஐக் கட்டாயம் படிக்க வேண்டும். தந்தையின் மலைமேல் நின்று, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணிய பெண்கள், இப்போது ஈத்திலைக் குப்பைமேல் ஏறி உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். 200 முதல் 202 வரை கபிலர் இவர்களை மணந்துகொள்ளும்படி விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் கேட்கும் பாட்டுகள். 236 அவர் வடக்கிருக்கும்போது, அதாவது உண்ணாமல் உயிர்விட அமர்ந்தபோது, பாடியது. துரைசாமிப் பிள்ளை பதிப்பை வாங்குகிறவர்கள் இதற்காகவே இரண்டு தொகுதிகளையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் வளரும், தமிழ் எழுத்து சரளமாக வராத பிள்ளைகளுக்கு ஆங்கில வழி வேண்டுமானால் ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைஃபெட்ஸும் செய்த முழு மொழிபெயர்ப்பு, 1999இல் கொலம்பியா பல்கலைக்கழகம் வெளியிட்டது. முன்னுரையும் குறிப்புகளும் நன்று. வைதேகி ஹெர்பர்ட்டின் தளத்தில் மூலத்தோடு சொல்லுக்குச் சொல் பொருளும் இருப்பதால் தமிழ் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு அது கூடுதல் வசதி.

கடையில் நின்று புத்தகம் பார்க்கிறவர்கள் மூன்று பக்கங்களைப் புரட்டினால் போதும். 112இல் ‘எம்’ எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். 267, 268ஆம் எண்களுக்குப் போங்கள். அந்த இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை என்பதைப் பதிப்பு குறித்திருக்கிறதா, சத்தமில்லாமல் தாண்டியிருக்கிறதா என்று தெரியும். கடைசியில் சொல்லகராதியோ பாட்டு முதற்குறிப்பு அகராதியோ இல்லாவிட்டால் அலமாரியிலேயே வைத்துவிடலாம்.