விங் சுன் வகுப்பு என்று 2,400 வெள்ளி போச்சு, நீங்களாவது பார்த்துச் சேருங்கள்

நேற்று இரவுதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2,400 மலேசிய வெள்ளி. எனக்கும் 11 வயது மகளுக்கும் ஆறு மாதக் கட்டணம், மொத்தமாக முன்கூட்டியே கட்டியது. பெயர் சொல்லப் போவதில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில், கடைவீட்டு மாடியில் நடக்கும் விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலை வகுப்பு. பணம் கட்டியது, இப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் பதிவு செய்து தரும் ஒரு செயலியில். சேருமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் விழுந்தது முதல் நாளே. சுவரில் விங் சுன் பெரிய குரு ஐப் மேன் படம், கீழே ஊதுபத்தி. மாஸ்டர் படத்துக்கு முன்னால் நின்று மூன்று முறை குனிந்து கும்பிட்டார். சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுக் கடை திறப்பவரை நம்பியே வளர்ந்தவன் நான், அது போதாதா? பக்கத்தில் சிவப்பு முத்திரை குத்திய சீனச் சான்றிதழ் வேறு. “ஐப் மேன் 1950லிருந்து ஹாங்காங்கில் சொல்லிக்கொடுத்த அதே முறை சார், ஒரு விரல்கூட மாறாது” என்றார். படியிறங்குவதற்குள் கைப்பேசியில் பணத்தை அனுப்பிவிட்டேன்.

முதலில் சொல்லிக்கொடுத்தது சியூ நிம் தாவ் என்ற வடிவம், அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர். ‘சின்ன எண்ணம்’ என்று பொருள். கால்விரல்களை உள்பக்கம் திருப்பி, முட்டியை ஒடுக்கி, நின்ற இடத்தில் நின்றே செய்வது. ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. உள்ளங்கை மேலே பார்க்கக் கையை மெல்ல முன்னே நீட்டுவதற்குப் பெயர் ‘தான் சாவ்’, மணிக்கட்டை மடக்கி மெல்ல முன்னே கொண்டுபோவது ‘ஃபூக் சாவ்’. பார்ப்பவருக்குக் கொட்டாவி வரும். ஆனால் அந்த மெதுவில்தான் சரக்கு இருக்கிறது. முழங்கை மார்புக்கு நேராக நடுவிலேயே நிற்க வேண்டும், தோள் தளர்ந்திருக்க வேண்டும். இது எனக்கு இப்போது தெரியும். எங்கள் மாஸ்டர் பாட்டுப் போட்டு இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவார்.

மகள் கேட்டாள்: “மாஸ்டர், இந்தக் கைய எதுக்கு இப்படி வைக்கிறோம்?”

“முதல்ல அழகா செய், அர்த்தம் தானா வரும்.”

அடுத்த வாரமும் கேட்டாள், அதே பதில். மூன்றாவது முறை, சின்னப்பிள்ளை இவ்வளவு கேள்வி கேட்கக் கூடாது என்றார். நானும் சேர்ந்து அவளை முறைத்தேன். 2,400 வெள்ளியைவிட அதுதான் இப்போது அதிகம் வலிக்கிறது.

எட்டே வாரத்தில் சம் கியூ, பியூ ஜீ உட்பட மூன்று வடிவமும் ‘முடிந்தது’. எதிரெதிரே நின்று கையோடு கை ஒட்டிப் பழகும் சீ சாவ் ஒரு நாள்கூடக் கிடையாது. சீனப் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு வரிசையாக நிற்கப் பழக்கியதுதான் மிச்சம்.

நேற்று மகள் வாசலில் செய்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் இளவயதில் பல வருடம் விங் சுன் பழகியவர். வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “ஏன் வலது கையில் தொடங்குகிறாய்?” என்று மலாயில் கேட்டார். ஐப் மேன் 1972இல் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவரே செய்து காட்டியதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அங்கிள் அதைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினார். இடது கைதான் முதலில் போகிறது. அப்புறம் மகள் நீட்டிய கையை ஒற்றை விரலால் பக்கவாட்டில் தள்ளினார். முழங்கை வெளியே பறந்தது.

மாஸ்டர் செய்யும் வீடியோவையும் காட்டினேன். முதலிலிருந்து கடைசிவரை எல்லாமே இடம் வலமாக இருக்கிறது. அங்கிள் சிரித்துவிட்டார். திரையில் இருப்பவர் இடது கையை நீட்டினால் நமக்கு அது வலப்பக்கம் தெரியும். கண்ணாடி பார்ப்பதுபோல் அப்படியே பார்த்துப் படித்திருக்கிறார் நம் பரம்பரை வாரிசு! சுவரில் இருந்த சான்றிதழை நான் படமெடுத்து வைத்திருந்தேன். இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்குக் கொடுத்ததாம்.

மாஸ்டருக்கு இரவே அழைத்தேன். “எங்கள் கிளை வேறு சார்” என்றார். எந்தக் கிளை, உங்கள் சிஃபூ, அதாவது குரு யார் என்றேன். “அவர் ஹாங்காங்கில் பிஸி.” பணத்தைத் திருப்பிக் கேட்டதும் செயலியிடம் பேசச் சொன்னார். செயலிக்காரர்கள் மாஸ்டரிடம் பேசச் சொல்கிறார்கள். ரசீதின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ‘திருப்பித் தரப்படாது’ என்று இருக்கிறதாம். இன்று காலை பெரிய மனது பண்ணி ஒரு சலுகை: மீதி நான்கு மாதத்தை ஜூம்பா வகுப்புக்கு மாற்றிக்கொள்ளலாமாம். பதிலுக்கு நான் அனுப்பிய செய்திக்கு நீல டிக் விழுந்தது, அதோடு சரி. 5 வெள்ளி கட்டினால் நுகர்வோர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், நாளை லீவு போட்டுப் போகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், வேலைக்கு நேரமாகிவிட்டது. மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். புரியாத மொழிச் சான்றிதழைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இந்தக் கை எதற்கு என்று கேளுங்கள், உங்கள் கையைப் பிடித்துச் செய்து காட்டாவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். பிள்ளை கேட்டால் முறைக்காதீர்கள்.

இதோ, இதை எழுதும்போதே செயலியிலிருந்து செய்தி: ‘இன்று இரவு 8 மணிக்கு உங்கள் வகுப்பு, தவறாமல் வாருங்கள்.’