மேடை நகைச்சுவை: வேலையோடு செய்வதா, வேலையாகவே செய்வதா?

ஸ்டாண்ட்-அப் காமெடியில் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன். 4 வருடம் வேலை பார்த்துக்கொண்டே ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் சில நிமிடம் மேடை ஏறிப் பார்க்கும் நிகழ்ச்சி) போனேன். அப்புறம் வேலையை விட்டுவிட்டு 14 மாதம் மேடையே கதி என்று இருந்தேன். இப்போது மறுபடியும் ஒரு வேலையில் சேர்ந்து 3 வருடம் ஆகிறது. வாரத்தில் இரண்டு இரவு மைக் பிடிக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் நாலைந்து நல்ல இரவு கிடைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "முழுசா இறங்கிடலாமா?" என்பதுதான். நான் வேலையோடு செய்வதன் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லோரும் நினைப்பதுபோல் அதற்குக் காரணம் பணம் இல்லை.

பணத்தைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். முழுநேரத்தில் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. நான் செய்த ஒரு நிகழ்ச்சிக்கு நாலு மாதம் கழித்துத்தான் காசு கையில் வந்தது, அதுவும் ஒன்பது தடவை நினைவூட்டிய பிறகு. இது இன்று நேற்று வந்த பிரச்சினையும் இல்லை. 1972-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய காமெடி ஸ்டோர் என்ற நகைச்சுவை கிளப்பில் ஏறியவர்களுக்குப் பணம் கொடுக்கும் வழக்கமே இல்லாமல் இருந்தது. மேடை கிடைப்பதே கூலி என்பது அங்கே பேச்சு. 1979-ல் காமெடியன்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரிய பெயர் எடுத்த ஜே லெனோ, டேவிட் லெட்டர்மேன் எல்லாம் அதில் இருந்தார்கள். சுமார் 6 வாரம் போராடி ஒரு செட்டுக்கு, அதாவது ஒரு தடவை மேடை ஏறிப் பேசுவதற்கு, 25 டாலர் என்று வாங்கினார்கள். சம்பளம் வரும் வேலை கையில் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. தூக்கம், குடும்பம், விடுமுறை நாட்கள் எல்லாம் எந்தப் பக்கம் போனாலும் அடிபடத்தான் செய்யும். அதில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

முழுநேரத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மேடை நேரம். அந்த 14 மாதத்தில் வாரத்துக்கு ஐந்து ஆறு மேடை ஏறினேன். சிரிப்பு எழும்பி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுக்க வேண்டும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் அறை குளிர்ந்துவிடும். உச்சியிலேயே பேசினால் நம் வரி சிரிப்புக்குள் முங்கிப் போகும். இதை யாராலும் சொல்லித்தர முடியாது, தினமும் ஏறினால்தான் காதுக்குப் பிடிபடும். எனக்கு அது பிடிபட்டது முழுநேரத்தில் இருந்த ஐந்தாவது மாதத்தில். வாரம் இரண்டு இரவு மட்டும் ஏறியிருந்தால் இன்னும் ஒரு வருடமாவது ஆகியிருக்கும். அமெரிக்க காமெடியன் ஸ்டீவ் மார்ட்டின் 18 வருடம் மேடையில் இருந்தவர். அதில் 10 வருடம் கற்றுக்கொள்வதிலேயே போயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். வேகமாகக் கற்க வேண்டுமானால் முழுநேரம்தான், சந்தேகமே வேண்டாம்.

சரி, அப்படியானால் ஏன் திரும்பி வந்தேன்?

மெட்டீரியல், அதாவது மேடையில் சொல்வதற்கான பொருள். இந்த ஒரு விஷயத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். மேடை ஏறும் தைரியம், குரல், உடல்மொழி எல்லாம் ஒரு தடவை வந்தால் அநேகமாக நம்மோடு இருக்கும். ஜோக் அப்படி இல்லை. அது தீரும், பழசாகும். தீரத்தீர நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆட்டம், பாட்டு, நகைச்சுவை எல்லாம் கலந்து நடந்த பழைய வாடவில் மேடைகளின் காலத்தில் ஒரு கலைஞர் பத்துப் பன்னிரண்டு நிமிட ஆட்டம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு, ஊர் ஊராக வருடக்கணக்கில் அதையே செய்ய முடிந்தது. அடுத்த ஊர்க்காரர் அதைப் பார்த்திருக்க மாட்டார். தொலைக்காட்சி வந்தது, ஒரே இரவில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அந்த ஆட்டம் அத்தோடு செலவழிந்தது. இப்போது கைபேசியில் ஒரு துண்டு வீடியோ போட்டால் போதும், அந்த ஜோக்கை அடுத்த வாரம் மேடையில் சொல்ல முடியாமல் போகிறது. முன்வரிசையில் இருப்பவர் பஞ்சை (சிரிப்பை வரவழைக்கும் கடைசி வரியை) நமக்கு முன்னால் முணுமுணுப்பார்.

நிமிடத்துக்கு நாலு சிரிப்பு வர வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. ஐந்து நிமிட ஓப்பன் மைக்குக்கு 20 சிரிப்பு. டிக்கெட் போட்டு ஒரு மணி நேரம் நிற்பவருக்கு 240. என் நோட்டில் பத்து ஜோக் எழுதினால் மேடையில் பிழைப்பது ஒன்று, நல்ல மாதமாக இருந்தால் இரண்டு. பிழைக்கிற அந்த ஒன்றும் எழுதிய நாளில் ஜோக்காக இருப்பதில்லை. ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன்.

நோட்டில் முதலில் இருந்தது இதுதான்: அம்மா போனில் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், வெச்சிடறேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் பேசுவார், அப்படியே ஒரு மணி நேரம் ஓடும். மேடையில் இதை ஒன்றேகால் நிமிடம் விவரித்தேன். எடுபடவே இல்லை. அடுத்த வாரம் விளக்கத்தை எல்லாம் வெட்டினேன். நாலாவது தடவை இப்படி வந்து நின்றது: "சரி வெச்சிடறேன்னு அம்மா அஞ்சாவது நிமிஷமே சொல்லிட்டாங்க, ஆனாலும் அம்பது நிமிஷம் பேசிட்டிருந்தாங்க." அங்கங்கே லேசான சிரிப்பு. ஒன்பதாவது தடவை வரிசையை மாற்றினேன்: "நேத்து அம்மாகூடப் பேசினேன். மொத்தம் அம்பது நிமிஷம். 'சரி, வெச்சிடறேன்'னு அம்மா சொன்னது, அஞ்சாவது நிமிஷம்." அறை முழுக்கச் சிரித்தது.

விஷயம் அதேதான், சொற்களும் கிட்டத்தட்ட அவையேதான். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். அதன் போக்கில் விட்டால் 'பேசிட்டிருந்தாங்க', 'சொல்லிட்டாங்க' என்று சிரிப்பே இல்லாத ஒரு சொல் பஞ்சுக்குப் பின்னால் தொங்கும். சிரிக்க வாயெடுத்தவர் அது முடியட்டும் என்று காத்திருப்பார், அதற்குள் சிரிப்பு போய்விடும். 'சொன்னது' என்று மாற்றி முன்னால் நகர்த்தியதும் அந்த எண் கடைசிக்கு வந்தது. தமிழில் ஜோக் எழுதுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள், பாதிச் செட் மாறிவிடும்.

இந்த ஒரு வரிக்கு ஒன்பது மேடை ஆனது. அதில் ஆறு மேடையில் அது தோற்றது. முழுநேரத்தில் இல்லாமல் போவது இந்தத் தோற்கும் உரிமைதான்.

காசு கொடுத்து கூப்பிட்டவர் முன்னால் சோதனை பண்ண முடியாது. ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு 20 நிமிடம் என்று கூப்பிட்டிருந்தால், நிச்சயம் எடுபடும் 20 நிமிடத்தைத்தான் கொண்டுபோவோம். அவர்களும் முன்கூட்டியே ஒரு பட்டியல் அனுப்பிவிடுவார்கள்: அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம், மேலதிகாரிகளைப் பற்றி வேண்டாம். கழித்துக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது எப்போதும் அதே 20. மாதத்தில் எட்டு நிகழ்ச்சி என்றால் எட்டிலும் அதே 20. நன்றாகச் சிரிப்பார்கள். நமக்கும் கை கால் எல்லாம் அதற்கே பழகிவிடும். நான் முழுநேரமாக இருந்த 14 மாதத்தில் எழுதி நிலைத்த புதுப் பொருள் மொத்தம் 9 நிமிடம். வேலையோடு செய்த முந்தைய வருடத்தில் அது 22 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்றுதான் திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

இன்னொன்றும் நடந்தது. பேசுவதற்கு எதுவும் நடக்காமல் போயிற்று. பகலில் தூக்கம், மாலையில் பயணம், இரவில் மேடை, அதற்குப் பிறகு மற்ற காமெடியன்களோடு பேச்சு. புதிதாக எழுதியது எல்லாம் பயணத்தைப் பற்றியும் தங்குகிற அறைகளைப் பற்றியும் ஒலிபெருக்கியைப் பற்றியுமே இருந்தது. கீழே உட்கார்ந்திருப்பவர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர். அவருடைய நாள் எனக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நோட்டில் மூன்று பக்கம் நிரம்பியது. கூட்டத்தில் தூங்காமல் இருக்க ஒருவர் செய்யும் தந்திரம், விடுப்புக் கடிதத்தில் எத்தனை பாட்டிகள் இறக்கிறார்கள் என்பது, எல்லாம் கண்முன்னால் நடந்துகொண்டே இருந்தது.

அமெரிக்க காமெடியன் ஃபிலிஸ் டில்லரை இங்கே நினைத்துக்கொள்வேன். 1955-ல் முதல் தடவை மேடை ஏறியபோது அவருக்கு வயது 37, ஐந்து குழந்தைகளின் தாய். வீடு, சமையல், கணவர் என்று அதுவரை வாழ்ந்த வாழ்க்கைதான் அவருடைய பொருள். எழுதிய ஜோக்குகளைத் தலைப்புவாரியாக அட்டைகளில் அடித்து, இழுப்பறைகள் வைத்த ஓர் எஃகுப் பெட்டியில் அடுக்கினார். அந்தப் பெட்டி இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே 50,000-க்கும் மேற்பட்ட அட்டைகள். அவர் பின்னால் முழுநேரத் தொழிலாகவே செய்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சொல்வதற்கு நிறைய சேர்த்துக்கொண்டு வந்த பிறகுதான் ஏறினார். நடிகர் கென் ஜியாங்கும் அப்படித்தான், மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டே இரவில் மேடை ஏறியவர், வெகுநாள் கழித்துத்தான் மருத்துவத்தை விட்டார்.

பெரிய பெயர் எடுத்தவர்கள் தோற்கும் உரிமையைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அமெரிக்க காமெடியன் கிறிஸ் ராக் ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு முன்னால் மாதக்கணக்கில் சின்னச் சின்ன கிளப்புகளில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதுப் பொருளைச் சோதிப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அவர் அறிவிக்காமல் வந்து நின்றாலே கூட்டத்துக்குச் சந்தோஷம். அந்த இடத்துக்கு வரும்வரை நடுவில் உள்ள நீண்ட காலம்தான் கஷ்டம். அங்கேதான் பலர் ஒரே செட்டோடு நின்றுபோவதைப் பார்க்கிறேன். நன்றாக எழுதக்கூடியவர்கள், பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும்.

வேலையோடு செய்வதிலும் பள்ளம் உண்டு. யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் ஒரே ஐந்து நிமிடத்தை ஐந்து வருடம் சொல்லிக்கொண்டிருக்கலாம். முழுநேரக்காரரைக் கட்டிப்போடுவது பயம் என்றால் நம்மைக் கட்டிப்போடுவது சோம்பல். இதற்கு நான் வைத்துக்கொண்டது ஒரே விதி: ஏறும் ஒவ்வொரு தடவையும் செட்டின் நடுவில் ஒரு நிமிடம் புதிது. தொடக்கமும் முடிவும் தெரிந்த ஜோக், நடுவில் புதுசு. தோற்றாலும் கடைசி ஜோக் தூக்கி நிறுத்திவிடும். ஒவ்வொரு செட்டையும் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் கேட்பேன். சிரிப்பு வந்ததாக நான் நினைத்த இடத்திலும் பதிவில் சிரிப்பு இருக்கும் இடத்திலும் எத்தனை வித்தியாசம் என்று கேட்டால்தான் தெரியும்.

வாய்ப்பும் குறையும். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் கடைசி நேரத்தில் யாராவது வரவில்லை என்றால் எப்போதும் கண்ணில் படுகிறவரைத்தான் கூப்பிடுவார்கள். கூடத் தொடங்கியவர்கள் முன்னால் போவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அலுவலக ஆட்களைப் பற்றிய ஜோக்கில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றியே சொல்ல வேண்டும், அவருக்கு அது வலிக்கவும் கூடாது.

நான் ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தனியாகச் செய்ததில்லை. அதிகபட்சம் 40 நிமிடம். வீடியோவிலேயே ஆளைச் சேர்த்து மேடைக்கு வந்தவர்களின் பாதையும் என்னுடையது இல்லை, அவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம். ஆனாலும் யாராவது வேலையை விடப்போகிறேன் என்றால் நான் கேட்பது இவ்வளவுதான்: தெரியாதவர்கள் முன்னால், நண்பர்கள் இல்லாத அறையில், 45 நிமிடம் கையில் இருக்கிறதா? கடந்த 6 மாதத்தில் எழுதியது அதில் எத்தனை நிமிடம்? இரண்டாவது கேள்விக்கு 10 நிமிடம் என்று பதில் வந்தால் தாராளமாகப் போகட்டும், நானே வந்து முன்வரிசையில் உட்காருவேன்.

அந்த அம்மா ஜோக் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. "மிச்ச நாப்பத்தஞ்சு நிமிஷம் நாங்க பேசினது, யார் முதல்ல வெக்கறதுன்னு" என்று ஒரு டேக், அதாவது பஞ்சுக்குப் பின்னால் ஒட்டும் இன்னொரு சிரிப்பு வரி, சேர்ந்தது. போன மாதம் செட்டின் கடைசியில், நேரம் முடிந்தது என்று விளக்கு எரிந்ததும், "சரி, வெச்சிடறேன்" என்று சொல்லி மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இரண்டடி நடந்தேன். திரும்பி வந்து மைக்கை எடுத்து, "அப்புறம்..." என்றேன். 4 வருடமும் 14 மாதமும் 3 வருடமும் சேர்த்து எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய சிரிப்பு அது. வியாழக்கிழமை 'அப்புறம்' என்பதற்கு முன்னால் இன்னும் ஓரடி கூடுதலாக நடந்து பார்க்கப்போகிறேன்.