ஏலக்காட்டு மழைக்கு ஏத்த வாட்ச்: கேஸியோ ஏஇ-1200

கம்பத்துல இருந்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போற நமக்கெல்லாம் இந்த வாட்ச் தாங்க செட்டாகும். முன்னாடி கட்டிருந்த ஸ்மார்ட்வாட்ச்ல மழைத்தண்ணி பட்டா ஸ்க்ரீன் தானா ஓடும், சார்ஜ் வேற அடிக்கடி போடணும், காட்டுக்குள்ள எங்க போய் சொருகுறது. இதுல பேட்டரியே 10 வருசம்னு கம்பெனி போட்டிருக்கு, 100 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ஸ், டச் கிடையாது பட்டன் தான், அதனால காய் எடுத்துக் கறை புடிச்ச ஈரக்கையால அமுக்குனாலும் டக்குன்னு வேலை செய்யுது. உள்ள குட்டியா உலக மேப் இருக்கு பாருங்க, எனக்கு ரொம்பப் புடிச்சதே அது தான், துபாய் டைம் வச்சிருக்கேன், நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, தம்பிய எப்ப கூப்பிடலாம்னு பாத்த உடனே தெரிஞ்சிரும். 5 அலாரம், விடிகாலை ஜீப்பைப் புடிக்க தாராளம். நடந்த அடி, ஹார்ட் பீட்லாம் காட்டாது, அது வேணும்னா வேற பாருங்க. கல்யாணம் காச்சிக்கும் கட்டணும்னா ஸ்டீல் செயின் மாடல் எடுங்க.