செவ்ரோலே 350: கிராங்கை அரைப்பதா, 400-இன் கிராங்கைப் போடுவதா?

பழைய செவ்ரோலே 350 வி8 எஞ்சினில் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம், 3.48 அங்குலம். அதைக் கூட்டினால் எஞ்சினின் கொள்ளளவு கூடும். இருக்கிற கிராங்கையே (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) மையம் தள்ளி அரைக்கலாம்: பிஸ்டனின் ராடு வந்து மாட்டுகிற 2.1 அங்குல ராடு ஜர்னலின் உள்பக்கத்தை மட்டும் தேய்த்து 2 அங்குலமாக்கினால் ஸ்ட்ரோக் 0.1 அங்குலம் ஏறும். அவ்வளவுதான். இந்தக் கூலிக்கு அது போதாது.

நான் செவ்ரோலேயின் 400 எஞ்சினிலிருக்கும் கிராங்கைத்தான் சொல்வேன். ஸ்ட்ரோக் 3.75 அங்குலம். பிளாக் (எஞ்சினின் உடல்) கிராங்கைத் தாங்குகிற மெயின் ஜர்னலை 2.65-லிருந்து 2.45 அங்குலமாகக் கடைந்தால் 350 பிளாக்கில் உட்காரும். சிலிண்டர் விட்டத்தை 0.03 அங்குலம் கூட்டினால் கொள்ளளவு 383 கன அங்குலம். அப்புறம்தான் பொறுமையான வேலை. ராடு போல்ட்டுகள் பிளாக்கின் அடிவிளிம்பில் இடிக்கும், சிலசமயம் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட்டிலும். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிளாக்கில் இடிக்கிற இடத்தைக் குறித்துத் தேய்த்துவிடுங்கள். 400-க்கான டாம்பரையும் (கிராங்கின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கிற வளையம்) ஃபிளைவீலையும் (பின்முனையிலுள்ள கனமான சக்கரம்) கூடவே வாங்குங்கள். அந்தக் கிராங்கின் பேலன்ஸில், அதாவது எடைச் சமநிலையில், ஒரு பங்கு அவற்றில்தான் இருக்கிறது.