ஹம்பியா, பாதாமியா? நான்கு நாளில் இருவர் போவதென்றால்

நான்கு நாள் விடுப்பு இருக்கிறது, இருவராகப் போகவேண்டும், பழைய கோயிலும் கோட்டையும் பார்க்கவேண்டும், சுற்றியுள்ள நிலமும் நம்ம ஊரில் காணாததாக இருக்கவேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஹம்பி. நானும் கணவரும் அப்படித்தான் முதலில் ஹம்பி போனோம். அடுத்த வருடம் ஜனவரியில் பாதாமி, பட்டடக்கல், ஐஹோளே. இரண்டுக்கும் நடுவில் சுமார் 140 கிலோமீட்டர்தான், இரண்டுமே வட கர்நாடகம்தான், ஆனாலும் ஒன்று மற்றொன்றைப் போலத் துளியும் இல்லை. ஒன்றுக்குத்தான் போகமுடியும் என்றால் நான் பாதாமி என்பேன். அதற்காக ஹம்பியைக் குறைத்துப் பேசப்போவதில்லை.

முதலில் இயற்கை. இதில் ஹம்பிதான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை யானை யானையாகப் பாறைகள், ஒன்றின் மேல் ஒன்று, தொட்டால் உருண்டுவிடும் போல. நிலநடுக்கம் வந்து குவிந்தவை என்பார்கள் சிலர், வாலியும் சுக்ரீவனும் சண்டையில் வீசியவை என்பார்கள் சிலர், ஏனென்றால் துங்கபத்ரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆனெகுந்தியைத்தான் கிஷ்கிந்தை என்கிறார்கள். உண்மையில் அந்தப் பாறைகள் எங்கிருந்தும் வந்து விழவில்லை. பூமிக்கடியில் இறுகிய கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விழுந்து, அந்த விரிசல் வழியே தண்ணீர் இறங்கி மூலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, பிறகு சுற்றியிருந்த மண்ணெல்லாம் மழையில் கரைந்து போனபின் மிச்சம் நிற்கும் உருண்டைகள் அவை. இருந்த இடத்திலேயே உருவானவை. இதைத் தெரிந்துகொண்டு மாதங்க மலை மேலிருந்து சூரிய உதயம் பார்த்தால் அந்த நிலம் வேறு மாதிரித் தெரிகிறது.

பாதாமியில் பாறை வேறு. சிவந்த மணற்கல், செங்குத்தாக நிற்கும் இரண்டு குன்றுகள், நடுவில் அகத்தியர் ஏரி. வடக்குக் கோட்டைக்கு ஏறும் வழியில் பாறை இரண்டாகப் பிளந்து, நடுவில் இருவர் சேர்ந்து நடக்க முடியாத அளவுக்குச் சந்து போகிறது. அழகுதான், ஆனால் அரை நாளில் முடிந்துவிடும். ஹம்பியின் பரப்பு அதற்கு இல்லை.

அடுத்து கோயில்கள், இடிபாடுகள். இங்கேதான் நான் பாதாமி பக்கம் சாய்கிறேன்.

ஹம்பி ஒரு நகரம். 1336-ல் தொடங்கிய விஜயநகரம், 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் சூறையாடப்பட்டுக் காலியானது. அதனால் அங்கே பார்ப்பது கோயில் மட்டும் இல்லை. கடைவீதி, யானைக் கொட்டில், மகாநவமி மேடை, படிக்கட்டுக் குளம், தாமரை மகால், விட்டலர் கோயில் கல்தேர் எல்லாம் பல கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கின்றன. அரண்மனைகளுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம், மேலே இருந்த மரவேலை எல்லாம் போய்விட்டது. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது பெரிய சின்னம் எதுவும் இல்லை. நடக்கும் வழியில் பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரக் குழிகள் இருக்கும், உளியால் குழி போட்டு ஆப்பு அடித்துக் கல்லைப் பிளந்த தடம். சில பாறைகளில் குழி போட்டதோடு நிற்கிறது, பிளக்கவே இல்லை. யாரோ நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போன மாதிரி. அதன் பக்கத்தில் நாங்கள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

பாதாமியில் கல் மெத்தென்று இருப்பதால் சிற்பிக்குக் கை ஓடியிருக்கிறது. முதல் குகையில் பதினெட்டுக் கைகளோடு ஆடும் சிவன். மூன்றாவது குகைதான் உச்சம். அது 578-ல் முடிந்ததாக அங்கேயே கல்வெட்டு சொல்கிறது. ஆதிசேடன் மேல் அமர்ந்த திருமால், வராகர், நரசிம்மர், ஓங்கி அளந்த திரிவிக்கிரமர் எல்லாம் ஆளை விடப் பெரிதாக. தூண் மேல் கூரையைத் தாங்கும் கற்களில் தம்பதிகள் தம்பதிகளாகச் செதுக்கியிருக்கிறார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி, மரத்தடியில் நின்றபடி. மணற்கல்லில் இயல்பாக ஓடும் சிவப்பு, வெளிர், ஊதா வரிகள் அந்த உருவங்களின் கன்னத்திலும் வயிற்றிலும் அப்படியே ஓடுகின்றன, தேக்குப் பலகையில் ரேகை ஓடுவதைப் போல. கணவர், “இவங்களப் பார்த்துக்கிட்டே நின்னா போதும், மத்த குகைக்கு நீ போயிட்டு வா” என்றுவிட்டார்.

இனி வரும் விஷயத்துக்காகவே தமிழ் வாசகர்களை அங்கே போகச் சொல்கிறேன். பாதாமிதான் சாளுக்கியரின் தலைநகரான வாதாபி. ஐஹோளேயில் மேகுதி என்ற சமணக் கோயில் குன்றின் மேல் இருக்கிறது. அதன் சுவரில் புலவர் ரவிகீர்த்தி 634-ல் எழுதிய கல்வெட்டு, சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி வடநாட்டு ஹர்ஷனை வென்றதையும் பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்ததையும் பெருமையாகச் சொல்கிறது. எட்டே வருடத்தில், 642-ல், பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். பாதாமியில் ஒரு பாறையில் அவன் கல்வெட்டு சிதைந்த நிலையில் இன்னும் இருக்கிறது. பிறகு சுமார் நூறு வருடம் கழித்து சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிக்கிறான். பழிக்குப் பழி என்று ஊரை எரித்திருக்கலாம். அவன் கைலாசநாதர் கோயிலைப் பார்த்து, அதன் செல்வத்தை எடுக்காமல் திருப்பிக் கொடுத்து, அதைக் கன்னடத்தில் அந்தக் கோயிலிலேயே எழுதிவைத்துவிட்டுப் போனான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கலில் கட்டிய கோயில்தான் விருபாட்சர் கோயில். விமானத்தையும் சுற்றுச்சுவரையும் பார்த்தவுடன் காஞ்சி ஞாபகம் வருகிறது. கல் மட்டும் சிவப்பு. கைலாசநாதர் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போயிருக்கிறேன், அந்தக் கன்னடக் கல்வெட்டைக் கவனித்ததே இல்லை. பட்டடக்கலில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதே வளாகத்தில் வடநாட்டுச் சிகரம் வைத்த கோயில்களும் தென்னாட்டு விமானம் வைத்தவையும் பத்தடி இருபதடியில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஐஹோளேயில் நூற்றுக்கும் மேல் கோயில்கள். அங்கே துர்கா கோயில் என்பது துர்க்கைக்கு உரியது இல்லை, துர்க்கம் என்றால் கோட்டை, அதனால் வந்த பெயர். அதன் பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும்.

தங்குவது, சாப்பாடு, சுற்றுவதில் ஹம்பி சுலபம். பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் ஹோஸ்பேட், அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். சைக்கிள், மொபெட் வாடகைக்குக் கிடைக்கும். பரிசல் உண்டு. ஹம்பியில் உள்ள விருபாட்சர் கோயிலிலிருந்து ஆற்றங்கரை வழியாக விட்டலர் கோயிலுக்கு நடந்தே போங்கள், இருவருக்கு அதைவிட நல்ல நடை அங்கே இல்லை. ஒன்று மட்டும். விருபாபூர் கட்டே என்ற தீவில் தங்கலாம் என்று பழைய குறிப்புகளில் இருக்கும், அங்கிருந்த விடுதிகளை 2020-ல் இடித்துவிட்டார்கள். ஆனெகுந்தி, சாணாபூர் பக்கம் தேடுங்கள்.

பாதாமி சின்ன ஊர். விடுதிகள் குறைவு, குறுகலான தெரு, குகைப் படியில் குரங்குகள் தின்பண்டத்தைப் பிடுங்கும். ஒரு முழு நாளுக்கு ஆட்டோ பேசிக்கொண்டால் பட்டடக்கல், ஐஹோளே, மகாகூடம் மூன்றும் பார்த்துவிடலாம். சாப்பாட்டுக்கு சோளரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் வேர்க்கடலைப் பொடியும். அதுவே போதும் எங்களுக்கு. இரண்டு ஊருக்கும் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள், வெயில் காலத்தில் அந்தப் பாறைகளில் கால் வைக்க முடியாது.

சாயங்காலம் மட்டும் பாதாமியில் வேறெங்கும் போகாதீர்கள். ஏரியின் கிழக்குக் கரையில் பூதநாதர் கோயில் இருக்கிறது, மூன்று பக்கம் தண்ணீர் தொடும். நாங்கள் போனபோது எதிர்ப் படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். துணி கல்லில் விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும், சத்தம் சற்றுப் பின்னால் வரும், பிறகு குன்றில் பட்டு இன்னொரு முறை வரும். வெளிச்சம் இறங்க இறங்கக் குன்று செங்கல் நிறத்திலிருந்து குங்குமமாகிக்கொண்டே போனது. காவலாளி வந்து கிளம்பச் சொல்லும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.