கீழேயிருந்து வந்த மரபணு ஆய்வகத்துக்காரர்கள்: ஐந்துக்கு நான்கு

ஆய்வகத்தின் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் புற்றுநோய் மரபணு ஆராய்ச்சிக்கூடம் அது. காசு கட்டி டெஸ்ட் எடுக்கும் இடம் இல்லை. புற்றுநோய் டாக்டர் கடிதம் கொடுத்து, அவர்களுடைய ஆராய்ச்சித் திட்டத்துக்கு நம் குடும்பமும் பொருந்தி வந்தால் இலவசமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். பெயர் வெளியே வந்தால் போன் மேல் போன் வரும், எடுக்க ஆள் இல்லை என்றார்கள். நியாயம்தான். ஆனால் இந்த மாதிரி இடத்தில் என்ன நடக்கும் என்று தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் கீழ்க்கோத்தகிரிப் பக்கம். நான் ஒரு டீ பேக்டரியில் டீ மேக்கர். மனைவிக்கு 41 வயதில் மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறாள். மாமியார் சினைப்பைப் புற்றுநோயில் போனவர். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருவது; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் அதில் இருக்கலாம், ஜீன் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். இதற்கு முன்பே ஒரு தனியார் கம்பெனி ஏஜென்ட்டும் வீடு தேடி வந்திருந்தார். குடும்பத்தோடு எடுத்தால் தள்ளுபடி என்றார். ரிசல்ட் புரியாவிட்டால் யாரிடம் கேட்பது என்றேன். “ரிப்போர்ட்லயே எல்லாம் இருக்கும் சார்” என்றார். சரி, வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

மனைவியின் சித்தி எங்களோடு இருக்கிறார், 72 வயது, மூட்டுவலி, பஸ் ஏற முடியாது. அதற்காகவே ஆய்வகத்திலிருந்து இரண்டு பெண்கள் மேலே வந்தார்கள். ஒருவர் மரபணு ஆலோசகர், இன்னொருவர் ஆராய்ச்சி மாணவி. நல்ல மழை. குஞ்சப்பனை வளைவுகளில் மாணவியின் வயிறு காலி. வந்ததும் ஒரு பன்னும் வரட்டீயும் போதும் என்று சொல்லிவிட்டாள்.

உட்கார்ந்ததும் ரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தோம். ஆலோசகர் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு, சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு இரட்டைக் கோடு. எங்கள் வீட்டில் இரட்டைக் கோட்டுக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை வேறு. மனைவியின் குடும்பம் இலங்கையின் ஹட்டனிலிருந்து வந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பாதிக் குடும்பம் இந்தப் பக்கம் வந்தது, பாதி அங்கேயே நின்றுவிட்டது. தாளில் அந்தப் பக்கம் முழுக்க வெறும் வட்டங்கள். “அங்க இருக்கிறவங்களுக்கு ஒரு போன் போடலாமா அக்கா?” என்று கேட்டார் ஆலோசகர். பெரியம்மா மகளுக்கு வாட்ஸப்பில் அடித்தோம். முதலில் மழை, கொழுந்து விலை என்று பேச்சு ஓடியது. அப்புறம் அந்த அக்கா சாதாரணமாகச் சொன்னார்: “அம்மாவுக்கு மகரகமயில மார்பை எடுத்தாங்களே தங்கச்சி, ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?” மகரகம என்றால் இலங்கையின் தேசியப் புற்றுநோய் மருத்துவமனை. என் மனைவி பேசவில்லை. ஆலோசகர் அவசரப்படுத்தாமல் காத்திருந்துவிட்டு, அப்போது என்ன வயது என்று மட்டும் கேட்டார். நாற்பதைத் தாண்டியிருக்காது என்றார்கள். ஒரு வட்டம் கறுப்பானது. எந்த மெஷினும் வேலை தொடங்குவதற்கு முன்பே எங்களுக்குக் கிடைத்த பெரிய தகவல் அதுதான்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறது. ஆனால் அரசாணைத் தமிழ், எனக்கே இரண்டாவது வரியில் மூச்சு முட்டியது. மாணவி அதை ஓரமாக வைத்துவிட்டு வாயால் சொன்னாள். மிச்ச ரத்தத்தை வைத்துக்கொள்ளலாமா, முடிவு உங்களுக்குத் தெரிய வேண்டுமா, நடுவில் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் சிகிச்சைக்கு ஒன்றும் ஆகாது. சித்தி மட்டும் “எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம் கண்ணு, புள்ளைங்களுக்குத் தெரிஞ்சா போதும்” என்றார். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ரத்தம் எடுத்த விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்க்கத் தெரிந்தது அதைத்தான். ஊதா மூடிக் குழாய், உள்ளே ரத்தம் உறையாமலிருக்க மருந்து. குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும். மனைவியின் வாயாலேயே பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லவைத்து, குழாய், படிவம், நோட்டு மூன்றிலும் எண்ணை ஒத்துப் பார்த்தாள் மாணவி. பிறகு ஆலோசகர் தனியாக ஒருமுறை பார்த்தார். குன்னூர் ஏலத்துக்குச் சாம்பிள் அனுப்பும்போது ஒரு லேபிள் மாறினால் லாட்டே போச்சு, அதனால் எங்கள் பேக்டரியிலும் இப்படித்தான் இரண்டு பேர் பார்ப்போம். ஐஸ் பெட்டியில் வைத்து மூடிய பிறகுதான் இரண்டாவது டீயைக் குடித்தாள்.

இந்த மலைக்கு ரத்தம் எடுக்க ஆள் வருவது புதிதில்லை. 1952-லேயே இங்குள்ள பழங்குடியினரின் ரத்தத்தில் அரிவாள் செல் (பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு) இருப்பதைக் கண்டுபிடித்து வெளிநாட்டு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போனவர்கள் பதிலும் சொல்வார்களா என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

சொன்னார்கள், ஆனால் தாமதமாக. மூன்று மாதம் என்றவர்கள் அதற்கும் மேலே இழுத்தார்கள். மெஷினில் ஒரு குடும்பத்துக்காக ஓட்டினால் செலவு தாங்காது, பல பேருடைய சாம்பிள் சேர்ந்த பிறகே ஓட்டுவோம் என்று பின்னால் விளக்கினார்கள். அது புரிகிறது. அதை ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். லேண்ட்லைன் ஒன்று கொடுத்திருந்தார்கள், அது அடித்துக்கொண்டே இருக்கும்.

முடிவைக் கேட்க நாங்கள் இருவரும் கீழே போனோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஆய்வகத்தைப் பார்க்க விட்டார்கள். டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்குவதற்கு முன் ஓர் அறை, பெருக்கிய பின் வேறோர் அறை, இரண்டுக்கும் தனித்தனிக் கோட்டு. ஒருவருடையது இன்னொருவருடையதில் கலந்துவிடக் கூடாதாம். சுத்தமாகப் பிரித்த டி.என்.ஏ. என்றால் கருவியில் 1.8-ஐ ஒட்டி எண் வரும் என்று மாணவி சொல்லி, மனைவியின் குழாய்க்கு வந்த எண்ணை நோட்டில் காட்டினாள். பேராசிரியர் ஐந்து நிமிடம் வந்து நின்றார். நல்ல மனிதர், பேச்சு முழுக்க ஆங்கிலம். மூலையில் இரண்டு திரைக்கு முன்னால் ஒரு பையன். மெஷின் கக்கிய எழுத்துகளில் எது பிழை, எது மாற்றம் என்று பிரிப்பது அவன்தான். பெரும்பாலான நேரம் போவதும் அங்கேதானாம்.

மனைவிக்கு பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. 13-ஆவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு, உடைந்த டி.என்.ஏ.வைச் சரி செய்யும் வேலையைப் பார்ப்பது. ஆனால் இந்த எழுத்து மாறினால் அந்த வேலை கெடுமா, கெடாதா? ஆலோசகர் சுற்றி வளைக்கவில்லை. “இப்போதைக்கு யாருக்கும் தெரியாது அக்கா” என்றார். உலகத்தில் சேர்த்து வைத்திருக்கும் மரபணுத் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வழிவந்தவர்களுடையது, அதனால் நம் ஆட்களுக்கு இந்தத் தெரியாத கணக்கு அதிகம் என்றார். இந்தியர்களின் மரபணுக்களைப் படித்துச் சேர்க்கும் ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் தகவல் 2025 ஜனவரியில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இதே மாற்றம் ஆரோக்கியமான நிறைய பேரிடம் இருப்பதாகத் தெரிந்தால் பயமில்லை என்று முடிவாகும். இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை கடைசியில் அப்படித்தான் முடிகின்றன. எங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் அந்த மாற்றம் இருப்பதாகவும், அவருக்கு நோய் இல்லை என்பது ஒரு துளி ஆதாரம் என்றும் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்த மாற்றத்தை மட்டும் நம்பி எதையும் அறுத்து எடுக்க வேண்டாம், கொழுந்தியாளுக்கு இதே டெஸ்ட் எடுத்துப் பயப்படவும் வேண்டாம் என்றார். அதோடு நிற்காமல், தாளில் கறுத்த வட்டங்களைக் காட்டி, கொழுந்தியாள் இப்போதே வருடா வருடம் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். இவ்வளவு அலைந்து தெரியாது என்பதற்கா என்று மைத்துனர் இன்னும் புலம்புகிறார். தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையில் கட்டாமல் விட்டதற்கே நான் மூன்று மதிப்பெண் கொடுப்பேன்.

ஒரு மதிப்பெண் குறைத்தது தாமதத்துக்காக இல்லை. புதுத் தகவல் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார் ஆலோசகர். போன மாதம் விசாரித்தால் அவருடைய திட்டக்காலம் முடிந்து வேலையை விட்டுப் போய்விட்டாராம். மாணவிக்கும் உதவித்தொகை இருக்கும் வரைதான். மெஷின் நிரந்தரம், அதைப் பற்றி எங்களுக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாம் ஒப்பந்தத்தில். எங்களை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. இப்போதைக்கு வருடம் ஒருமுறை நாமே கடிதம் போட்டுக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

போகிறவர்கள் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்துப் பெரியம்மா, சித்தி நம்பர்களை முன்னாலேயே வாங்கி வையுங்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் வரும், ஒரு பக்கம் தமிழில் எழுதித் தரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து வாங்குங்கள். அதை வைத்துச் சிகிச்சை முடிவு எடுப்பதாக இருந்தால் அங்கீகாரம் உள்ள லேபில் மறுபடி உறுதி செய்ய வேண்டும். நாங்கள் போன சமயத்தில் மதியத்துக்கு மேல் ஆலோசகர் கிடைக்க மாட்டார்.