பதினோரு வருஷம், ஏழு டாக்டர், ஒரே சிஸ்டர்

நீலகிரியில் பந்தலூர் பக்கம் எங்கள் ஊரில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்ன கிளினிக் இருக்கிறது. அம்மாவை அங்கே கூட்டிப்போக ஆரம்பித்தது 2014-ல். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அம்மா கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிப் பக்கமிருந்து வந்த குடும்பம். மூன்று கரண்டி சீனி போடாததை அவர் தேத்தண்ணி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. இலவசம் என்று நினைத்துப் போனால் 20 ரூபாய் சீட்டு (இப்போது 50). ஊசி போடாமல் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்ததால் அம்மாவுக்கு வேறு கோபம். "ஊசி போடத் தெரியாதவன் என்னா டாக்டரு?"

இதுவரை ஏழு டாக்டர்கள் மாறிவிட்டார்கள். வருவார்கள், ஒன்றிரண்டு வருஷம் இருப்பார்கள், மேற்படிப்புக்குப் போய்விடுவார்கள். குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் சிஸ்டர் மாறவில்லை. அவர் பணியர் பெண். 1990-ல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாக்கிக் காட்டிய பிறகு, இந்தப் பக்கம் இது புதுமையும் இல்லை. புதிதாக வந்த ஒரு டாக்டர் பிரஷருக்கு அம்லோடிபின் எழுதப் போனார். சிஸ்டர் அம்மாவின் நோட்டைப் புரட்டி, "2017-ல இதைக் குடுத்துத்தான் பாட்டிக்கு ரெண்டு காலும் வீங்கிச்சு டாக்டர்" என்றார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான் இந்த கிளினிக்கை விடாமல் இருப்பதற்கு அந்த நோட்டுதான் காரணம்.

அடுத்து, கால். எங்கள் ஊர் மழையில் அட்டை கடிக்காத கால் கிடையாது. உப்பும் மூக்குப்பொடியும் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போன காலத்தில் அம்மா அதைப் பொருட்படுத்தியதே இல்லை. சர்க்கரையால் பாதம் மரத்துப் போன பிறகு, கடித்ததே தெரியவில்லை. செருப்பில் ரத்தம் பிசுபிசுத்ததை நான்தான் பார்த்தேன். புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அதிலிருந்து போகும்போதெல்லாம் சிஸ்டர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்பார். அம்மா குத்துமதிப்பாக "ஆமா, ஆமா" என்பார். சிஸ்டர் ஒருமுறை தொடாமலே கேட்டு அம்மாவை மாட்டிவிட்டார்!

2021-லிருந்து அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறதே, பிறகு எதற்கு இந்த அலைச்சல் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். மாத்திரை வீட்டுக்கு வருவது நல்ல விஷயம்தான். காலுக்காகத்தான் நாங்கள் கிளினிக்குக்குப் போகிறோம்.

இன்சுலின் தொடங்கியபோது வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மண்சட்டியில் ஈர மணலைப் போட்டு, மருந்துக் குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்து அதற்குள் இறக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மழை நாளில் கரண்ட் போனாலும் கவலையில்லை.

எரிச்சல்களும் உண்டு. திங்கட்கிழமை போனால் அரை நாள் போச்சு. மூன்று மாதச் சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தத்தை வெளியே அனுப்புகிறார்கள், ரிசல்ட் வர ஒரு வாரம். மண் சரிந்து ரோடு அடைபட்ட ஆடி மாதத்தில் மருந்தே இல்லை. மாலை நாலு மணிக்கு மேல் கதவு பூட்டு. ஒரு ராத்திரி அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, வேர்த்து, பேச்சு குழறியது. ரோட்டில் யானை நிற்கிறது என்று ஜீப்காரர் வர மறுத்துவிட்டார். சிஸ்டர் முன்பே சொல்லிக் கொடுத்திருந்த மாதிரி சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சுவலி, பிரசவம் என்றால் இந்த கிளினிக்கை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், நேராக 108.

போன மாதம் எட்டாவது டாக்டர் வந்திருக்கிறார், சின்னப் பெண். வெளியே வந்ததும் அம்மா, "இவளும் ஊசி போடல பாத்தியா" என்றார். தினம் இரண்டு வேளை தானே போட்டுக்கொள்கிற ஊசியை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.